பள்ளி மாணவர்களுக்கு ஆடு வளர்ப்பைக் கற்றுக்கொடுப்பது எப்படி? ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குக் கால்நடைப் பராமரிப்பின் அடிப்படையைச் சொல்லித்தர நினைக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். மாட்டை விட்டுவிட்டு வெள்ளாட்டை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பதினான்கு வயதுப் பிள்ளைகள் இருவர் சேர்ந்தால் ஒரு வெள்ளாட்டைப் பிடித்து நிறுத்திவிட முடியும். கறவை மாட்டை முடியாது. சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள் என்பதால் சினை, ஈற்று, குட்டி வளர்ப்பு மூன்றையும் ஒரே கல்வியாண்டுக்குள் பார்த்துவிடலாம்.

புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் தடுமாறுவது வரிசையில்தான். முதல் வகுப்பில் கன்னி, கொடி, சேலம் கருப்பு என்று இனங்களின் பட்டியல். அடுத்த வகுப்பில் நோய்களின் பட்டியல். மூன்றாவது வகுப்பில் ஆட்டின் முன்னே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். நலமாக இருக்கும் ஆடு எப்படி நிற்கும், எப்படி மூச்சுவிடும் என்று தெரியாத பிள்ளைக்கு நோயின் அறிகுறி வெறும் மனப்பாடம். முதலில் கண், பிறகு கை, அதன் பிறகே பொறுப்பு. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. பள்ளியில் ஆடு வாங்கிக் கட்டாதீர்கள்

ஆர்வமுள்ள தலைமையாசிரியர் இருந்தால் முதலில் வரும் யோசனை இதுதான்: இரண்டு ஆடு வாங்கி வளாகத்திலேயே கட்டிவிடலாம். வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தீவனம் போடுவது யார்? காலாண்டுத் தேர்வு விடுமுறையில்? மே மாதத்தில்? இரவில் நாய் வந்தால்? இந்த நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் இல்லாத பள்ளியில் ஆடு மெலியும், அல்லது காவலாளியின் தலையில் விழும்.

பள்ளியிலிருந்து நடந்துபோகும் தொலைவில் உள்ள ஒருவருடைய மந்தையைத் தேர்ந்தெடுங்கள். பத்திலிருந்து இருபது உருப்படி இருந்தால் போதும். மந்தையில் குட்டி, சினை ஆடு, பால் கொடுக்கும் ஆடு மூன்றும் இருக்க வேண்டும். ஒரே வயதுக் கிடாக்களை மட்டும் வாங்கிக் கொழுக்கவைத்து விற்பவரின் கொட்டகை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நம் பாடத்துக்குப் பாதிதான் உதவும்.

பெரும்பாலான ஊர்களில் ஆடுகள் மேய்ச்சலுக்குக் கிளம்பும் நேரம் பனி காய்ந்த பிறகு, ஒன்பது அல்லது பத்து மணி. ஆகவே நாளின் முதல் பாடவேளையைக் கேட்டு வாங்குங்கள். மதியம் போனால் வெறும் கொட்டகையைத்தான் பார்ப்பீர்கள்.

2. முன்கூட்டியே மூவரிடம் பேசுங்கள்

முதலில் ஆட்டுக்காரரிடம். பிள்ளைகள் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அவர் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள். முட்டும் கிடாவை அன்று மட்டும் தனியே கட்டிவைக்கச் சொல்லுங்கள். கடைசி இரண்டு மாதச் சினையில் இருக்கும் ஆடுகளுக்கு அடையாளமாக ஒரு வண்ணக் கயிறு கட்டச் சொல்லுங்கள். விரட்டிப் பிடிக்கும்போது நெரிசலில் அவை அடிபட்டால் கரு கலையக்கூடும். அவருக்கு என்ன பயன் என்பதையும் பேசிவிட வேண்டும். வாராவாரம் எடை பார்த்துப் பதிவேடு எழுதிக் கொடுப்பதே பலருக்கும் போதுமான கைம்மாறாக இருக்கிறது.

அடுத்து, உங்கள் பகுதி அரசு கால்நடை மருந்தகத்தின் மருத்துவரிடம். பருவத்துக்கு ஒரு முறையாவது அவர் வரும் நாளோடு உங்கள் வகுப்பைப் பொருத்திக்கொள்ளுங்கள். தடுப்பூசி முகாம் நடக்கும் நாளைவிடச் சிறந்த பாடநாள் கிடையாது.

பிறகு பெற்றோரிடம். எழுத்துப்பூர்வமான சம்மதம் வாங்கும்போதே பிள்ளைக்குப் பத்து வயதில் போட வேண்டிய தடுப்பூசி, அதாவது ரண ஜன்னியும் (டெட்டனஸ்) தொண்டை அடைப்பானும் (டிப்தீரியா) வராமல் தடுப்பது, போடப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். ஆட்டுக் கொட்டகையில் சிறு கீறல்களைத் தவிர்க்க முடியாது.

இன்னொன்று, ஆசிரியர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. "படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போக வேண்டும்" என்ற வசவை வகுப்பில் இதுவரை சொல்லியிருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். உங்கள் வகுப்பில் ஆடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் நான்கைந்து பேராவது இருப்பார்கள். உங்களைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும், ஆனால் அந்த வசவைக் கேட்டு வளர்ந்ததால் வாய் திறக்க மாட்டார்கள். அவர்கள் பேசத் தொடங்கினால் உங்கள் வேலை பாதி குறைந்துவிடும்.

3. கொண்டுபோக வேண்டியவை

தையல் நாடா, குட்டிகளை நிறுக்கக் கொக்கித் தராசும் தொட்டில்போல் தைத்த சாக்கும், எண்முறை வெப்பமானி, நொடி முள் உள்ள கடிகாரம், ஆளுக்கொரு குறிப்பேடு, சோப்பு, ஒரு வாளித் தண்ணீர். செருப்பு போதாது, காலை மூடும் பழைய காலணி வேண்டும்.

வீட்டில் ஆடு வைத்திருக்கும் பிள்ளைகளுக்குத் தனி விதி உண்டு. வீட்டு மந்தையில் ஏதாவது ஒன்றுக்குக் கழிச்சலோ மூக்கொழுகலோ இருந்தால் அன்று அவர்கள் வேலிக்கு வெளியே நின்று குறிப்பெடுக்க வேண்டும். நோய் உடையிலும் காலணியிலும் ஏறி மந்தைக்கு மந்தை நடந்துபோகும். இது தண்டனை ஆகிவிடக் கூடாது. முன்வந்து சொன்ன பிள்ளையைப் பாராட்டுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை மறைப்பார்கள்.

4. முதல் இரண்டு வகுப்புகள்: வேலிக்கு வெளியே

பிள்ளைகள் நச்சரிப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். கூட்டமாக உள்ளே நுழைந்த கணமே ஆடுகள் எழுந்து ஒரு மூலையில் ஒதுங்கும், மூச்சு வேகமாகும், அசை போடுவது நின்றுவிடும். பார்க்க வந்தது எதுவும் அங்கே இருக்காது.

ஒவ்வொருவருக்கும் ஒரு ஆட்டை ஒதுக்கிவிட்டு இந்தக் கேள்விகளைக் கொடுங்கள். படுத்திருக்கிறதா, நிற்கிறதா? அசை போடுகிறதா? காது எப்படி இருக்கிறது? மற்ற ஆடுகளோடு நிற்கிறதா, தனியே ஒதுங்கியிருக்கிறதா? புழுக்கை உருண்டை உருண்டையாக இருக்கிறதா, ஒட்டிக்கொண்டு விழுகிறதா, கழிச்சலாகப் பின்னங்காலில் வழிந்திருக்கிறதா?

பிறகு மூச்சை எண்ணச் சொல்லுங்கள். விலாவுக்குப் பின்னால் வயிறு ஏறி இறங்குவது ஒரு மூச்சு. நிழலில் அமைதியாக இருக்கும் வெள்ளாடு நிமிடத்துக்கு 15 முதல் 30 முறை மூச்சுவிடும். முழு நிமிடமும் எண்ண வேண்டும். பத்து நொடி எண்ணி ஆறால் பெருக்கும் குறுக்கு வழியைச் சில பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு மூச்சு தவறினால் ஆறு தவறும் என்பதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள்.

இரண்டாவது வகுப்பில் அதே ஆடுகளை, அதே கேள்விகளோடு பார்க்க வேண்டும். "நேற்று எப்படி இருந்தது" என்று தெரிந்தால்தான் "இன்று என்னவோ சரியில்லை" என்று தோன்றும். அனுபவமுள்ள ஆட்டுக்காரர் எட்ட நின்றே நோயைக் கண்டுகொள்வது இதனால்தான்.

5. நெருங்குதலும் பிடித்தலும்

ஓடக் கூடாது, கத்தக் கூடாது, பின்னாலிருந்து போகக் கூடாது. ஆட்டின் தோள் பக்கமாக, அது பார்க்கும்படி, மெதுவாக நெருங்க வேண்டும். திறந்த வெளியில் துரத்துவதைவிட இரண்டு தட்டிகளை வைத்துச் சுவரோரம் சிறு மூலையாக்கி நான்கைந்து ஆடுகளை அதற்குள் ஒதுக்கிக்கொள்வது எளிது. ஒற்றை ஆட்டைப் பிரித்தால் அது மிரளும். கூட்டத்தோடு ஒதுங்கினால் நிற்கும்.

ஒருவர் தாடைக்குக் கீழே கை கொடுத்துத் தலையை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். மற்றவர் ஆட்டைச் சுவரோடு அணைத்து நிற்க வேண்டும். தலை தாழ்ந்திருக்கும் ஆடு முன்னே பாயும். நிமிர்ந்திருந்தால் பாய முடியாது. ஆனால் தொண்டையை அழுத்தாதீர்கள்.

காது, வால், கால், கொம்பு நான்கையும் பிடிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இளம் ஆட்டின் கொம்பு முறிந்தால் இரத்தம் நிற்காமல் ஓடும். குட்டியை முன்னங்காலைப் பிடித்துத் தூக்குவதைப் பிள்ளைகள் ஊரில் பார்த்திருப்பார்கள். தோள் மூட்டு பிசகும். ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மறு கை பின்புறத்துக்குக் கீழே.

இந்தக் கட்டத்தில் வேலைகள் தாமாகவே பிரிந்துபோகும்: பையன்கள் பிடிப்பார்கள், பெண் பிள்ளைகள் பெருக்கி எழுதுவார்கள். அதை அனுமதிக்காதீர்கள். பிடிப்பவர், பார்ப்பவர், எழுதுபவர் என்று மூவர் குழுவாக்கி ஒவ்வொரு ஆட்டுக்கும் இடம் மாற்றுங்கள்.

6. கையால் பார்க்க வேண்டிய நான்கு இடங்கள்

கண் இமை. மேல் இமையைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி, கீழ் இமையை இறக்கி, உட்புறத்தின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிவப்பாகவோ நல்ல இளஞ்சிவப்பாகவோ இருந்தால் சரி. வெளிறியிருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது. மழைக்காலத்தில் அதற்கு முதல் காரணம் இரைப்பையில் தங்கி இரத்தம் குடிக்கும் புழு. ஓரிரு நொடியில் பார்த்துவிட வேண்டும். பிடித்துக்கொண்டே இருந்தால் நிறம் மாறிவிடும். ஆடு மெலிந்து கழியத் தொடங்கும் முன்பே இந்தச் சோதனை சொல்லிவிடும் என்பதால் நான் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்குகிறேன்.

முதுகெலும்பு. கடைசி விலாவுக்குப் பின்னால் உள்ள இடுப்புப் பகுதியை விரல்களால் தடவ வேண்டும். எலும்பு கூர்மையாகக் குத்தினால் ஆடு மெலிவு. அழுத்தினால்தான் எலும்பு தெரிகிறது என்றால் நல்ல நிலை. அழுத்தியும் தெரியாவிட்டால் கொழுப்பு அதிகம். கண்ணை நம்ப வேண்டாம். நிறைய மேய்ந்து வயிறு பெருத்த ஆடு கொழுத்ததுபோலத் தோன்றும்.

பல். உதட்டை விலக்கினால் கீழ்த்தாடையில் எட்டு முன்பற்கள், மேலே ஒன்றும் இல்லை. "மேல் பல் விழுந்துவிட்டதா?" என்று யாராவது கேட்பார்கள், அங்கே பல் எப்போதும் இருந்ததில்லை, தடித்த ஈறுதான். சிறிய பால் பற்களின் நடுவே இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால் ஆட்டுக்கு ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை வயது, நான்கு இருந்தால் இரண்டு வயதை ஒட்டி. எட்டும் சேர மூன்றரை, நான்கு வயது ஆகும். சந்தையில் "இரண்டு பல் ஆடு" என்று விலை பேசுவதன் பொருள் இப்போது பிள்ளைகளுக்குப் புரியும். விரலை உள்ளே விடக் கூடாது. கடைவாயில் இரண்டு தாடையிலும் பல் உண்டு, நன்றாகவே கடிக்கும்.

பெருவயிறு, அதாவது தின்ற தீவனம் முதலில் போய்ச் சேரும் பெரிய இரைப்பை அறை. இடப்பக்கம், விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் மூடிய கையை வைத்து அழுத்திக் காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை உள்ளிருந்து கையைத் தள்ளிக்கொண்டு ஓர் அலை வரும். அவசரக்காரப் பிள்ளைகள் அரை நிமிடத்தில் "ஒன்றும் இல்லை" என்று எழுதிவிடுவார்கள். இரண்டு நிமிடம் கட்டாயம்.

உடல் வெப்பத்தைக் கடைசியில் பாருங்கள், வெப்பமானியை ஆசிரியரோ ஆட்டுக்காரரோ ஆசனவாயில் வைக்க, மாணவர் படிக்கட்டும். நலமான ஆட்டுக்கு 102, 103 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும். நமக்குக் காய்ச்சல் என்று தோன்றும் அளவு ஆட்டுக்கு இயல்பு. வெயிலில் ஓடிவந்த ஆட்டுக்குப் பார்த்தால் இன்னும் கூடுதலாகக் காட்டும்.

7. எடை பார்த்தல்

கணக்கு ஆசிரியரையும் அழைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஆட்டை நிறுக்கத் தராசு இல்லாதபோது நாடா போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி அளக்க வேண்டும். பிறகு தோள் முனையிலிருந்து பின்புற எலும்பு முனை வரை நீளம். இரண்டும் அங்குலத்தில். மார்புச் சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் தோராயமான எடை கிலோவில் கிடைக்கும்.

சுற்றளவு 28, நீளம் 26 என்றால் எடை கிட்டத்தட்ட 31 கிலோ. நாடாவைத் தளர்வாக விட்டு 29 என்று எழுதினால் 33 கிலோவைத் தாண்டிவிடும். ஓர் அங்குலத் தவறுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் பிழை. குடற்புழு மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது என்று அப்போதே சொல்லுங்கள். மெலிந்த ஆட்டின் எடையை "ஒரு இருபது இருக்கும்" என்று குத்துமதிப்பாகக் குறைத்துச் சொல்லி மருந்தைக் குறைவாகக் கொடுத்தால் சாகாத புழுக்கள் அந்த மருந்துக்குப் பழகிவிடும்.

எடையை எப்போதும் மேய்ச்சலுக்கு முன், ஒரே கிழமையில் பாருங்கள். வயிறு நிறையப் புல்லும் தண்ணீரும் ஓரிரு கிலோவை ஏற்றிக் காட்டும். அந்தக் குழப்பத்தில் வாராந்திர வளர்ச்சி மறைந்துவிடும்.

8. தீவனம்: சத்துணவுக் கூடத்துச் சோறு எச்சரிக்கை

இந்தப் படியை எவ்வளவு சொன்னாலும் தகும். பிள்ளைகளுக்கு ஆட்டின் மேல் பாசம் வந்ததும் அவர்கள் செய்யும் முதல் காரியம், மதிய உணவில் மிஞ்சிய சோற்றைக் கொண்டுபோய் வைப்பது. ஆடும் ஆவலாகத் தின்னும். சோற்றில் உள்ள மாவுச்சத்து பெருவயிற்றில் மிக வேகமாகப் புளித்து அமிலமாகும். நார்ப்பொருளைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடியும். பெருவயிற்று அலை நின்றுவிடும். ஆடு தள்ளாடிப் படுத்துவிடும், ஓரிரு நாளில் இறந்தும் போகலாம். கல்யாண வீட்டு மீதிச் சோறு, பொங்கல் அன்று கொடுக்கும் பொங்கல், அவிழ்த்துக்கொண்டு போய்த் தின்ற அரிசி மூட்டை எல்லாம் இதே கதைதான். அப்படித் தின்றுவிட்டது தெரிந்தால் கைவைத்தியம் பார்த்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

அளவைக் கணக்காகவே சொல்லிக்கொடுங்கள். உடல் எடையில் 3 முதல் 4 விழுக்காடு உலர்பொருள், அதாவது தண்ணீரைக் கழித்த தீவனம், நாளுக்கு வேண்டும். 30 கிலோ ஆட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. பசுந்தழையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஆகவே அந்த ஒரு கிலோவைத் தழையாக மட்டுமே கொடுத்தால் நான்கைந்து கிலோ தேவைப்படும். வேலிமசால், அகத்தி, முருங்கை, கிளைரிசிடியா என்று கிடைக்கும் குழையை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். சூபாபுல்லில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் இருப்பதால் மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

பிள்ளைகள் நடந்துவரும் வழியிலேயே நச்சுச் செடிகளைக் காட்டிவிடுங்கள்: அரளி, உண்ணிச்செடி, மழையில்லாமல் வாடிய இளஞ்சோளம். பூக்காத இளஞ்சோளத்தில் சயனைடு உருவாகும். ஆட்டை நிமிடக் கணக்கில் கொல்லும். பள்ளியைச் சுற்றிக் கிடக்கும் பிளாஸ்டிக் பைகளையும் இந்தப் பட்டியலில் சேருங்கள்.

எந்தத் தீவனத்தையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொண்டு பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்ட வேண்டும், ஏனென்றால் பெருவயிற்று நுண்ணுயிர்கள் பழக அவ்வளவு நாள் ஆகும்.

9. கொட்டகை

இங்கே நீட்ட வேண்டாம். பெரிய ஆட்டுக்கு 10 முதல் 15 சதுர அடி, கிடாவுக்கு 20, குட்டிக்கு 4. நாடாவால் அளந்து, மந்தைக்கு இடம் போதுமா என்று பிள்ளைகளே வகுத்துப் பார்க்கட்டும். பிறகு ஆட்டின் தலை உயரத்துக்குக் குனிந்து ஒரு நிமிடம் மூச்சை இழுக்கச் சொல்லுங்கள். கண் எரிந்தால் மூத்திர வாடை தேங்கியிருக்கிறது, காற்றோட்டம் போதாது. நின்றபடி முகர்ந்தால் இது தெரியாது. தண்ணீர்த் தொட்டியில் உள்ளங்கையால் தடவிப் பாசி இருக்கிறதா என்று பார்ப்பது ஒவ்வொரு வகுப்பிலும் நடக்க வேண்டும்.

10. நோய்ப் பாடம் இப்போதுதான்

இதுவரை வந்த பிள்ளைகள் இயல்பை அறிந்தவர்கள். இனி நான்கைந்து நோய்களைச் சொன்னால் போதும். ஆட்டுக்கொல்லி நோய்: காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுகல், வாய்ப்புண், கழிச்சல். தடுப்பூசி மூன்று மாத வயதுக்குப் பிறகு. ஒரு முறை போட்டால் மூன்று ஆண்டுகள் காக்கும். துள்ளுமாரி: நன்றாக இருந்த ஆடு திடீரென்று துள்ளி விழுந்து இறக்கும், மழைக்கு முன் ஆண்டுதோறும் தடுப்பூசி. கோமாரியையும் ஆட்டம்மையையும் மருத்துவரே விளக்கட்டும்.

மாணவர்கள் ஊசி போடக் கூடாது, வாய்வழி மருந்தும் புகட்டக் கூடாது. ஆட்டின் தலையை அதிகம் உயர்த்தி மருந்தை ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். பிடித்துக்கொள்வதும் எழுதுவதும்தான் அவர்கள் வேலை. கால்நடை மருத்துவ உதவிக்கான கட்டணமில்லா எண் 1962 ஒவ்வொரு குறிப்பேட்டின் முதல் பக்கத்திலும் இருக்கட்டும்.

மனிதருக்குத் தொற்றுபவை தனி வகுப்பு. உதட்டில் கொப்புளம் உள்ள குட்டியைத் தொடக் கூடாது. கருச்சிதைவில் விழுந்த குட்டி, நஞ்சுக்கொடி எதையும் வெறுங்கையால் தொடக் கூடாது. திடீரென்று இறந்த ஆட்டின் மூக்கிலோ ஆசனவாயிலோ இரத்தம் கசிந்தால் அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். அறுக்கவும் கூடாது, இழுத்துப் போகவும் கூடாது, மருத்துவர் வரும்வரை எட்டியே நிற்க வேண்டும். கை கழுவாமல் யாரும் வகுப்புக்குத் திரும்பக் கூடாது.

11. பதிவேடு

ஆட்டுக்கு ஒரு பக்கம். அடையாள எண், பல், எடை, இமை நிறம், சினை சேர்ந்த நாள், தடுப்பூசி நாள். சினை சேர்ந்த நாளிலிருந்து 150 நாள் எண்ணி ஈற்று நாளை நாட்காட்டியில் வட்டமிடச் சொல்லுங்கள். அந்த வாரத்தில் சீம்பாலைப் பற்றிப் பேசினால் மறக்காது: பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குட்டி குடிக்க வேண்டும், ஏனென்றால் நேரம் போகப் போகச் சீம்பாலின் நோய் எதிர்ப்புப் பொருளைக் குடல் உறிஞ்சுவது குறைந்துகொண்டே போகும். தொப்புள் கொடியில் அயோடின் கரைசல் தடவுவதை ஆட்டுக்காரர் செய்து காட்டட்டும்.

பிள்ளைகள் ஆட்டுக்குப் பெயர் வைப்பார்கள். வைக்கட்டும். ஆனால் இந்த ஆடுகள் ஆடி மாதக் கொடைக்கோ பக்ரீத்துக்கோ விற்கப்படும் என்பதை முதல் மாதத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒரு திங்கட்கிழமை வெறும் கயிற்றைப் பார்த்துத் தெரிந்துகொள்ள விடுவது கொடுமை.

வரவு செலவுக் கணக்கில் ஏறக்குறைய எல்லாக் குழுவும் ஒரே தவறைச் செய்யும்: மேய்ப்பவரின் கூலியை எழுத மாட்டார்கள். வீட்டு ஆள் என்பதால் அது செலவாகவே தோன்றாது; லாபம் கொழுத்துத் தெரியும். நாளுக்கு எத்தனை மணி நேரம் மேய்க்கிறார் என்று ஆட்டுக்காரரிடமே கேட்டு, ஊர்க் கூலியால் பெருக்கி, மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள். விடையைப் பார்த்துவிட்டு நடக்கும் விவாதத்துக்குத் தனியாக ஒரு பாடவேளை ஒதுக்குவது நல்லது.

12. தேர்வு கொட்டகையில் நடக்க வேண்டும்

எழுத்துத் தேர்வு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மதிப்பெண்ணில் பெரும்பங்கு இதற்குத்தான். முன்பின் பார்க்காத ஓர் ஆட்டை ஆட்டுக்காரர் காட்ட வேண்டும். மாணவர் எட்ட நின்று பார்த்து, மூச்சு எண்ணி, பிறகு துணையோடு பிடித்து, நான்கு இடங்களையும் சோதித்து, எடை கணக்கிட்டு, "இந்த ஆட்டுக்கு மருத்துவர் தேவையா, இல்லையா, ஏன்?" என்று சொல்ல வேண்டும். நேராகப் போய் ஆட்டைப் பிடித்தவருக்கு, விடை சரியாக இருந்தாலும் மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

மார்ச்சில் தேர்வுகள் தொடங்கும் முன்பே பதிவேட்டின் ஒரு படியை ஆட்டுக்காரரிடமும் மறு படியை மருந்தகத்திலும் கொடுத்துவிடுங்கள். ஜூனில் வரும் அடுத்த வகுப்பு அதே பக்கங்களில் தொடர்ந்து எழுதினால், இந்த ஆண்டு பிறந்த பெட்டைக்குட்டி தாயாகும் நாளை அவர்கள் கணக்கிட முடியும்.